சிங்களப் பெட்டைக்கு

2006 மே 16, செவ்வாய்

அவனுடைய இடது முழங்கால் வீங்கியிருந்ததைத்தான் முதலில் கண்டேன். இந்த நகரத்துக் கால்பந்துக் குழு கோல் அடிக்கவென்றே வேல்ஸிலிருந்து கூட்டிவந்தவன். முதல் வருடம் அடித்தான், இந்த வருடம் ஆட்டத்தில் இறங்காமல் வாங்கிலேயே இருந்தான். நாளைக்கு ஊருக்குத் திரும்புகிறான். நானும் அம்மாவும் வேலை செய்யும் வீட்டுக்காரி, சின்யோரா, அவனுக்கு விருந்து வைத்தா. யாரோ "இங்லேசே" என்றதும், "இங்கிலீஸ்காரன் இல்லை, வேல்ஸ்காரன்!" என்று வழக்கம்போல மேசையில் தட்டினான். அதற்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

எச்சில் கோப்பைகளை எடுக்கப் போனபோது கையெழுத்திட்ட தன் படத்தை நீட்டினான். 'சிங்களப் பெட்டைக்கு' என்று எழுதியிருந்தது. இந்த நகரத்தில் இலங்கையிலிருந்து வந்த எல்லோரையும் அப்படித்தான் சொல்வார்கள். நான் வாய் திறந்ததே இல்லை. இன்றைக்குத் திறந்தேன்.

"தமிழ்."

"ரெண்டும் ஒண்டுதானே?" என்று சிரித்தான். அருவருத்தது.

"வாங்கி நன்றி சொல்லடி," என்றா அம்மா.

வாங்கினேன். குசினிக்குள் போய் மீன்முள்ளை அதில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.