குலதெய்வம் கேட்ட வீடு

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
9-3-2025

அன்புள்ள தம்பி அன்புச்செல்வனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் மலர்விழியும் குழந்தை கலைப்பிரியாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீ நேற்று போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினாறு வருஷம் வடோதராவில் இருந்துவிட்டு, விழுப்புரத்தில் வேலை கிடைத்துவிட்டது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பத்தோடு வந்துவிடுகிறோம் என்கிறாய். நான் "அப்படியா, சந்தோஷம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு நீ கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிறது, குழந்தை இந்தியில் என்னவோ கேட்கிறாள், மலர் "நல்லா இருக்கீங்களா அண்ணி" என்று அடுப்படியிலிருந்து கத்துகிறாள். அதற்கு நடுவில் நான் எங்கே அழுவது? கடிதம் என்றால் உன்னை மட்டும் எதிரில் உட்காரவைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

வீடு நான் பார்க்கிறேன். நீ இணையத்தில் போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்பி ஏமாறாதே. நான் சொல்வதைக் கேட்டால் திண்டிவனத்திலேயே பார்க்கலாம். என் தெருவில் மூன்றாவது வீடு காலியாக இருக்கிறது. இரண்டு அறை, தண்ணீர் நல்ல தண்ணீர். இங்கிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

உன் மாமா போனபிறகு அரைப்படி அரிசி எனக்கு எத்தனை நாள் வருகிறது என்று சொன்னால் சிரிப்பாய். தனியாகச் சாப்பிடுவதற்குச் சமைக்கவே பிடிக்கவில்லை, தம்பி. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எந்த வீடானாலும் பால் காய்ச்சுவது நான்தான். கூடப் பிறந்தவள் காய்ச்சி, அது பொங்கி வழிந்தால்தான் வீடு விளங்கும். வடோதரா வீட்டுக்கு மாமாவின் வைத்தியத்தால் என்னால் வர முடியவில்லை. இந்த முறை விடமாட்டேன். அதற்கென்று ஒரு புதுப் பாத்திரம் வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

வடோதரா
17-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். திண்டிவனம் சரிப்படாதுக்கா. கலைப்பிரியாவுக்கு விழுப்புரத்தில் நல்ல பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. பாண்டி ரோட்டுப் பக்கம். அவளுக்குப் புது ஊர், புது மொழி. பஸ்ஸில் அலைய வைக்க மனசில்லை. நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும். மலர் கேட்பது இரண்டுதான்: அடுப்படிக்கு ஜன்னல், துணி காயப்போட மொட்டை மாடி.

இன்னொன்று. வீட்டுக்காரர்கள் ஊர், தெரு என்று கேட்பார்கள். சண்டை போடாதே. சுற்றி வளைத்து எதையாவது சொல்லிவிடு. நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து யாரும் எங்களை அந்தக் கேள்வி கேட்டதில்லை. இந்த ஊருக்கு நாங்கள் மதராசி, அவ்வளவுதான். கலைப்பிரியாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிகிற நாள் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது. இதை எல்லாம் போனில் பேச முடியாது. கடிதம்தான் சரி. அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
அன்பு

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
4-4-2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ கடிதத்தின் தலைப்பில் இயேசு மரி சூசை எழுதுவதை எப்போது விட்டாய்? சரி, போகட்டும். கம்பெனிக்காரனுக்கு அவசரம்.

உன் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருக்கிற தெரு எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புகிறேன். "வீடு வாடகைக்கு" என்று பலகை தொங்குகிற வீடாகப் பார்த்து மணி அடிக்கிறேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். பிறகு ஆரம்பிக்கிறார்கள்.

"வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

நான்வெஜ் என்றேன். ஒருவர் அதோடு கதவைச் சாத்தினார். அவர் பரவாயில்லை, சுருக்கமாக முடித்துவிட்டார். இன்னொருவர் ரிட்டையர்ட் வாத்தியாராம். "எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சும்மா தெரிஞ்சிக்கினா நல்லதுன்னு கேக்கறேன். சொந்த ஊர் எதுங்க?" மயிலம் பக்கம் என்றேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பேர் இன்னா சொன்னீங்க?" சொன்னேன். "வீட்ல பேசிட்டு போன் பண்றேன்" என்றார். உன் நம்பரையும் வாங்கவில்லை, என் நம்பரையும் வாங்கவில்லை. எப்படி போன் பண்ணுவார் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

புரோக்கர் ஜெகதீசன் என்று ஒருவர். நல்ல மனுஷன். "யக்கா, பேஜாரு பண்ணிக்காத. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஓனர் கீழயே இருக்கற வீடுதான் ஜாஸ்தி. அவங்க கேக்கத்தான் கேப்பாங்க. நீ பேர சொல்லும்போதே பாதி வேல கெட்டுப்போவுது" என்றார். உங்கள் பேரெல்லாம் தமிழ்ப் பேர், அதில் ஒன்றும் தெரியாது. என் பேர்தான் இடிக்கிறதாம். ஆரோக்கிய மாதா வேண்டுதலில் அப்பா வைத்த பேர். அறுபது வயதில் அதற்கு நான் என்ன பண்ண?

ஆனால் ஒன்று சொல்லட்டுமா, தம்பி? வீடு பார்க்கப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. மணி அடித்தால் யாராவது வந்து கதவைத் திறக்கிறார்கள். இங்கே என் வீட்டில் நானே பூட்டி நானே திறக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
21-4-2025

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து உங்கள் எல்லோருக்கும். வீடு கிடைத்துவிட்டது!

மாடி வீடு. பள்ளிக்கூட மணி அடித்தால் அடுப்படியில் கேட்கிறது. ஜன்னல் இருக்கிறது, மலரிடம் சொல். மொட்டை மாடி முழுக்க உங்களுக்குத்தான். பக்கத்து வீட்டு வேப்பமரம் பாதி இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கீழே வீட்டுக்கார அம்மா மட்டும் இருக்கிறார்கள். பேர் அம்சா. என் வயதுதான். கணவர் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். கேட்டில் கை வைத்ததும், "உள்ள வாங்க, வெயில்ல நிக்கறீங்களே" என்று கூப்பிட்டுக் காபி போட்டார்கள். மல்லாட்டை வேகவைத்து, கடலையை உரித்து உரித்துக் கொடுத்தார்கள். வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. மகன் பண்டிகைக்குக்கூட வராததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் மாமாவைப் பற்றிச் சொன்னேன். அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசி எத்தனை காலமாயிற்று!

பேர் கேட்டபோது, "செல்வி" என்றேன். பாதியை முழுங்கிவிட்டேன். ஜெபமாலை ரவிக்கைக்குள் இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லாததற்குக் கணவர் இல்லாதவள் என்று அவர்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கிளம்புகிற நேரம் பார்த்து, "உங்களுக்குக் குலதெய்வம் எது செல்வி?" என்று கேட்டார்கள். இப்படியும் ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிகிறதே, அது ஞாபகம் வந்தது. "மேல்மலையனூர் அங்காளம்மன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அட! எங்களுக்கும் அவதான் செல்வி!" சாவியை அப்போதே கொடுத்துவிட்டார்கள். ஒரு அமாவாசைக்குச் சேர்ந்து போகலாம் என்கிறார்கள். மாதா மன்னிக்கட்டும். அங்காளம்மனும் மன்னிக்கட்டும், அவள் பேரையும் அல்லவா இழுத்துவிட்டேன்.

இந்த வாரம் இரண்டு முறை போய் வீட்டைக் கழுவிவிட்டேன். இரண்டு முறையும் அம்சா அம்மாவோடுதான் சாப்பாடு. நேற்றுக்கூட போன் பண்ணி, "இன்னா பண்ணிக்கினு இருக்க செல்வி" என்று கேட்டார்கள். என்னை யாராவது அப்படிக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

எப்போது வருகிறீர்கள் என்று எழுது. பால் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

வடோதரா
3-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ செய்தது பெரிய உதவி. போட்டோ பார்த்து மலர் துள்ளிக் குதித்தாள். கலைப்பிரியா மொட்டை மாடியில் படிக்கப்போவதாகச் சொல்கிறாள். யூடியூப் பார்த்துத் தமிழ் எழுத்துக்கூட்டப் பழகுகிறாள். நாங்கள் 25ஆம் தேதி வருகிறோம்.

அக்கா, இதை எப்படி எழுதுவதென்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. பால் காய்ச்சுகிற அன்று அக்கம்பக்கத்து ஆட்கள் வருவார்கள். நீ வந்தால் பேச்சு வரும். உன்னைத் தெரிந்தவர்கள் யாராவது "சத்துணவு ஆரோக்கியம்மா" என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் போய்விடும். குழந்தை பள்ளியில் சேர்ந்து ஒரு வருஷம் நிம்மதியாகப் படிக்கட்டும். அதுவரைக்கும் நீ அந்த வீட்டுக்கு வராமல் இருந்தால் நல்லது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் வருகிறோம். அந்த அம்மாவோடு பழக்கத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

இது எனக்காக இல்லை, கலைப்பிரியாவுக்காக. உனக்குப் புரியும் என்று தெரியும்.

தம்பி
அன்பு

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
12-5-2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. புரிந்தது. புரியும் என்று நீயே எழுதிவிட்டபிறகு புரியாமல் இருக்க முடியுமா?

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தேன். இன்று காலை புதுப் பாத்திரத்தையும் மின்சார அடுப்பையும் மூன்று டம்ளரையும் ஒரு பாக்கெட் பாலையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். பயப்படாதே, முழுக்கப் படி.

காலி வீட்டில் மின்சார அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினேன். நன்றாகப் பொங்கியது, கிழக்குப் பக்கம் வழிந்தது. உனக்கும் மலருக்கும் குழந்தைக்கும் என்று மூன்று டம்ளர் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். ஆறும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே குடித்தேன். கொட்ட மனசு வரவில்லை.

வாசனைக்கு அம்சா அம்மா மேலே வந்துவிட்டார்கள். "இன்னா செல்வி, தம்பி வர்றதுக்கு முன்னாடியே காய்ச்சிட்ட?" என்றார்கள். அதே மூச்சில், "வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு வண்டி சொல்லிட்டேன். உன் தம்பி குடும்பமும் வந்துடும், எல்லாரும் ஒண்ணாப் போவலாம்" என்றார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னால் அதற்குமேல் முடியவில்லை, தம்பி. நல்ல மனுஷியிடம் தினம் தினம் எப்படிப் பொய் சொல்வது?

"அம்மா, என் முழுப் பேரு ஆரோக்கியசெல்வி. நான் மாதா கோயிலுக்குப் போறவ" என்றேன்.

உன் முகமும் குழந்தை முகமும் எனக்கு முன்னால் வந்தது. வீடு போய்விடக் கூடாது என்று இதையும் சொன்னேன்: "ஆனா நான் அன்புச்செல்வனுக்குக் கூடப் பொறந்தவ இல்லம்மா. ஒரே கிராமம். அந்தப் பழக்கத்துல அக்கான்னு கூப்பிடுவாரு. வீடு பார்த்துக் குடுக்கச் சொன்னாரு, பார்த்துக் குடுத்தேன். குலதெய்வம் அவங்களோடதுதான் சொன்னேன். அவங்க ஊர்ப்பக்கம். நாங்க காலனி."

பெற்ற தாய்க்கு அடுத்து உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் வாயால் உன்னை ஊர்ப்பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். என்னை நான் காலனியிலேயே வைத்துக்கொண்டேன். என் பேர் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்கு உன்னை விட வேண்டியிருந்தது.

அம்சா அம்மா ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "அதுக்கின்னா, இப்ப யாரு அதெல்லாம் பாக்கறாங்க" என்றார்கள். ஆனால் உட்காரவில்லை. நான் பாத்திரத்தைத் துடைத்துப் பையில் போடும்வரை வாசல்படியிலேயே நின்றார்கள். பிறகு, "சாவி எங்கிட்டயே இருக்கட்டும், அவங்க வந்ததும் நானே குடுத்துடறேன்" என்று கையை நீட்டினார்கள். கொடுத்துவிட்டேன். கீழே இறங்கும்போது காபிக்குக் கூப்பிடுவார்கள் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கினேன். கூப்பிடவில்லை.

வீடு உங்களுக்குத்தான். கேட்டுவிட்டேன், அதில் மாற்றமில்லை. நான் சொன்னதை நீ மாற்றிச் சொல்லிவிடாதே. அமாவாசைக்குக் கூப்பிட்டால் போய்வா. மேற்கு அறை ஜன்னல் கொக்கி இழுக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் விடு. மலரிடம் சொல், மோட்டாரை வெயிலுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போகும்போது குழாயடிப் பக்கம் போகாமல் வேப்பமரத்துப் பக்கமே போகட்டும், நிழல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் சந்தோஷம். வராவிட்டால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். என் தெருவில் அந்த மூன்றாவது வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். வாசலில் ஒரு சின்ன சைக்கிள் நிற்கிறது.

ஆனால் கடிதம் இனி எழுத முடியாது, தம்பி. அந்த வீட்டுக்கு வருகிற தபாலை எல்லாம் கீழேதான் வாங்குவார்கள். குழந்தையும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். உறையின் பின்பக்கம் என் பேரை எழுதாமல் எனக்குக் கடிதம் போடத் தெரியாது. இன்னொரு முறை அதைப் பாதியாக வெட்டவும் மாட்டேன்.

நன்றாக இருங்கள்.

உன் கூடப் பிறந்தவள்,
ஆரோக்கியசெல்வி