வீடு திரும்பிய பக்கம்

அன்பானவரே,

இங்கே இத்தாலியில், பலெர்மோவில் நான் பராமரிக்கும் முதிய பேராசிரியர், பழைய அமெரிக்கச் சிப்பாய் ஒருவரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். அந்த ஆள் எட்டு வருடம் சண்டையில் நின்று, வீடு திரும்பி, பிறகு தன் மாநிலத்துக்கே ஆளுநரானாராம். பதவியேற்ற அத்தியாயத்தைத்தான் பேராசிரியர் ஆசையோடு வாசித்துக் காட்டுகிறார். நானோ வீடு திரும்பிய பக்கத்தையே மறுபடியும் கேட்கிறேன்.

நேற்று பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கத்தைய வதிவிட அனுமதி, புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பினோம். "விதவை எண்டு போடுங்கோ அக்கா. பதினாறு வருசம் ஆச்சு," என்றாள் உதவிக்கு வந்த ஆரணி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'மணமானவர்' கட்டத்தில் கடதாசி கிழியுமளவுக்குப் புள்ளடி போட்டேன்.

இராணுவத்திடம் சரணடையப் புறப்பட்டபோது நீங்கள் "போயிட்டு வாறன்" என்றுதானே சொன்னீர்கள்?

ஆளுநராக வேண்டாம். வந்தால் போதும்.

இன்றும்,
உங்கள் மனைவி