நண்டுவின் தட்டும் அப்பாவின் தட்டும்

மாடம்பாக்கம்
18.9.2025, வியாழன்

அன்பு ரோஹிணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. எதற்கு அம்மா காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், நீ அனுப்புவதையும் நான் அனுப்புவதையும் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படிக்கிறார். வீடியோவில் பேசினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் தாம்பரத்தில் டயாலிசிஸ் நடக்கும் இந்த நாலு மணி நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுவேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நண்டு போய்விட்டான். ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை. மூன்று வாரமாக நீ வீடியோவில் அவனைக் காட்டச் சொல்லும்போதெல்லாம் தூங்குகிறான், மாடியில் இருக்கிறான் என்று சொன்னதெல்லாம் பொய். ஒரு நாள் நாய் டாக்டரிடம் விட்டிருக்கிறது என்றுகூடச் சொன்னேன். நீ கோபித்துக்கொள், எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் அவன் எப்படிப் போனான் என்பதை முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள், ஏனென்றால் அது அவனைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை.

பிப்ரவரியில் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது உனக்குத் தெரியும். ஆரம்பித்த பிறகு பத்தியம் தலைகீழாகிவிட்டது என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை. அதற்கு முன்னால் பருப்பைக் குறை, புரதத்தைக் குறை என்றார்கள். மிஷின் புரதத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறதாம், அதனால் இப்போது நிறையச் சாப்பிட வேண்டும் என்றார்கள். பருப்பும் பனீரும் அளவோடுதான், அதில் வேறு உப்புகள் ஏறிவிடும். பவுடர் கலக்கிக் கொடுத்தேன், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விட்டது. கடைசியில் இங்கே இருக்கும் டயட்டீஷியன் பெண், முட்டை வெள்ளைக்கரு தினம் நாலு கொடுங்கள், வேறு வழி இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்பா அங்கேயே எழுந்து வெளியே போய்விட்டார். நீ ஊருக்குப் போவதற்கு முன் நண்டுவுக்கு முட்டை போட வேண்டும் என்று அவரோடு சண்டை போட்டாயே, இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இந்த வீட்டுச் சாப்பாடுதான் என்று ஒரே வார்த்தையில் முடித்தாரே, அந்த மனுஷனிடம் போய் இதைச் சொன்னால் எப்படி இருக்கும். நான்தான் அழுது, உன் பேரைச் சொல்லி, சம்மதிக்க வைத்தேன்.

சம்மதிக்க வைத்தேனே தவிர முட்டையை எப்படி வேகவைப்பது என்று எனக்குத் தெரியாது. நம் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற செல்வம்மாளைக் கேட்டேன். கோவளம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருவாளே, வாசலில் நண்டுவுக்குச் செதிலும் தலையும் போட்டுவிட்டு அப்பா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே போவாளே, அவள்தான். "இன்னாம்மா, முட்ட வேவிக்கிறத என்னாண்ட கேட்டுகினு கீற" என்று முதலில் சிரித்தாள். யாருக்கு என்று சொன்னதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எத்தனை நிமிஷம், எப்படிப் பச்சைத் தண்ணீரில் போட்டு உரிப்பது என்று கற்றுக்கொடுத்தாள். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் ஒரு கரண்ட் அடுப்பும் தனிப் பாத்திரமும் வைத்தேன். உரித்து, உப்பில்லாமல் மிளகு மட்டும் போட்டு, அப்பாவின் தட்டில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். மஞ்சளை எடுத்துத் தனியாக ஒரு கவரில் போட்டுவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். அந்த வாடை எனக்கு ஆகவில்லை, மறைத்து என்ன. உலர்ந்த துணிகளை எடுப்பேன், செடிக்குத் தண்ணீர் விடுவேன், கால் மணி கழித்து இறங்கினால் தட்டு காலியாக இருக்கும். துளி மிச்சம் இருக்காது. நான் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போவேன்.

ஏப்ரல் கடைசியில் நண்டு தண்ணீர் தண்ணீராகக் குடித்தான், வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போனான், இளைத்தான். கேம்ப் ரோடில் புதிதாக வந்திருக்கும் டாக்டர் சூர்யாவிடம் ஆட்டோவில் கொண்டுபோனோம். உன் வயதுதான் இருக்கும், நல்ல பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இவனுக்கும் கிட்னிதான் என்றாள். அப்பா அவன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். இந்த வியாதிக்கென்றே பாக்கெட்டில் வரும் தீனியை எழுதிக்கொடுத்தாள். மூன்று நாள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துவிட்டான். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன், சோற்றில் ஒளித்துவைத்துப் பார்த்தேன், பொறுக்கி எடுத்து வெளியே தள்ளினான். அப்புறம் அவளே வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு தாள் எழுதித் தந்தாள். குழைந்த சோறு, வெந்த சுரைக்காய், பூசணிக்காய், ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், தனியாக மாத்திரை. உப்பு கூடாது, மீன் கூடாது, முட்டை மஞ்சள் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருந்தாள். செல்வம்மாளிடம் சொல்லி அந்தத் தலையையும் செதிலையும் நிறுத்தினேன். பாவம், அவள் வந்தால் இவன் வாசலில் போய் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான்.

ஆக ஒரே வீட்டில் இரண்டு பத்தியம். அவருக்குக் கொடுக்க வேண்டியது இவனுக்குக் கூடாது. நான் இரண்டு தாளையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டு மாறாமல் செய்தேன். ஆனால் நண்டு பாதித் தட்டை மிச்சம் வைப்பான், வியாதியின் சோர்வு என்று நினைத்தேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அப்பாவின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு இங்கே டாக்டர், புரதம் இன்னும் இறங்கியிருக்கிறதே, நிஜமாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். தட்டில் துளி மிச்சம் இல்லை டாக்டர் என்று சத்தியம் செய்தேன். அதே வாரத்தில் சூர்யாவும் நண்டுவின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வேறே ஏதாவது கொடுக்கிறீர்களா ஆன்ட்டி என்று கேட்டாள். அவளிடமும் சத்தியம் செய்தேன். இரண்டு கேள்வியையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி போகவில்லை ரோஹிணி. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை நான் மாடிக்குப் போன கையோடு தூறல் போட்டது. துணியை வாரிக்கொண்டு இறங்கி வந்தேன். அப்பா ஸ்பூனால் முட்டையை நாலாக வெட்டி, மஞ்சளோடு சேர்த்து, ஒவ்வொன்றாக ஊதி ஆற்றி நண்டுவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தான். மே மாதத்திலிருந்து அவன் சாப்பிட்டு நான் அப்படிப் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் அப்பா ஸ்பூனைக் கீழே வைத்தார், நண்டு மட்டும் வாலை ஆட்டினான். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே என்றார். நான் ஈரத் துணியை நாற்காலியில் போட்டேன்.

அன்று சாயங்காலமே சூர்யாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. பத்து வயதாகிவிட்டது, எப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் சொல்லியிருக்க முடியாது என்றாள். நாலே மாதத்தில் இவ்வளவு முற்றியது முட்டையாலா என்று கேட்டேன், தெரியவில்லை ஆன்ட்டி என்றாள். தினம் ஆட்டோவில் கொண்டுபோய் டிரிப் ஏற்றினோம். நம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ முனையிலேயே நின்றுவிடும், அங்கே வரைக்கும் அவனை நானும் டிரைவருமாகப் பெட்ஷீட்டில் தூக்கிக்கொண்டு போவோம். அப்பா டயாலிசிஸ் ஊசி போடும் கையால் கனம் தூக்கக் கூடாதென்று பின்னாலேயே வெறுங்கையோடு நடந்து வருவார். ஒன்பதாம் நாள் சூர்யா ஊசியைக் கழற்றிவிட்டு, இனிமேல் பத்தியம் எதற்கு, அவனுக்கு எது பிடிக்குமோ அதைக் கொடுங்கள் என்றாள். செல்வம்மாளுக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் நல்ல சங்கரா மீனாகப் பார்த்து எடுத்துவந்து, பின்பக்கம் என் முட்டை அடுப்பிலேயே வேகவைத்து, முள்ளெல்லாம் எடுத்து அவள் கையாலேயே கொண்டுபோய் வைத்தாள். நண்டு முகர்ந்து பார்த்தான். மூக்கைத் திருப்பிக்கொண்டு அப்பாவின் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான். செல்வம்மாள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை ஆறரைக்கு நான் காபி கலக்கும்போது அப்பா கூப்பிட்டார், போய்ப் பார்த்தால் முடிந்திருந்தது. மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஆளை வைத்துக் குழி வெட்டிப் புதைத்தோம். முடிச்சூர் வெள்ளத்தில் அவனை நீ குட்டியாகத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தாயே, அதே பழுப்புக் கலர்தான் கடைசி வரைக்கும், முகத்தில் மட்டும் நரை.

அன்று மத்தியானம் நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். அவனையும் கொன்று உங்களையும் கொன்றுகொள்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அப்பா சொன்னார்: "நீ அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைக்கறச்சே உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா ரமா? தினம் அதைப் பாத்துட்டு எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்? அவன் ஆசையா சாப்பிட்டான். அதான் குடுத்தேன்."

எனக்கு அருவருப்பு இருந்தது உண்மை. ஆனால் ஒரு நாளும் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்காகச் செய்கிறேன், இவ்வளவு செய்கிறேன் என்று மனதுக்குள் பெருமைகூட இருந்தது. அவரோ என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பட்டினி கிடந்திருக்கிறார். பிறகு மூன்று நாள் நாங்கள் வேளாவேளைக்குச் சாதம் போடுவதற்கும் மாத்திரைக்கும் தவிர வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் ஐந்து முட்டை வேகவைத்தேன். உரித்து, மஞ்சளை நானே எடுத்துவிட்டு, நாலை அவர் தட்டிலும் ஒன்றை என் தட்டிலும் வைத்தேன். மாடிக்குப் போகவில்லை. எதிரே உட்கார்ந்து, அவர் பார்க்க, முதலில் நான் சாப்பிட்டேன். எப்படி இருந்தது என்று கேட்காதே. விழுங்கினேன், தண்ணீர் குடிக்கவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அவரும் எடுத்துச் சாப்பிட்டார், அன்று இரண்டு. இப்போது மூன்று வரை வந்திருக்கிறார். தினமும் இப்படித்தான் நடக்கிறது, இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். இது நங்கநல்லூர் அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

போன சனிக்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடம்பில் சத்தே இல்லை, இதயமும் தளர்ந்துவிட்டது, மிஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்குகிறது, பெண்ணை வரச்சொல்லுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். டிசம்பருக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள் என்றும் சொன்னேன். டிசம்பர் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம் என்றார். முட்டை இனிமேலாவது உதவுமா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டு அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு அடுப்பைப் போடுவேன். நீ டிக்கெட்டை மாற்று. லீவு கிடைக்காது என்று உன் ஆபீசில் சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல். மாப்பிள்ளை அப்புறம் வரட்டும், நீ முதலில் வா. அவசரத்தில் கம்பளி உடுப்பை எல்லாம் மூட்டை கட்டாதே, இங்கே புழுக்கம் தாங்கவில்லை. அங்கேயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே, போன தடவை வீடியோவில் உன் கன்னம் ஒட்டியிருந்தது.

நர்ஸ் வெளியே வந்து இன்னும் பத்து நிமிஷம் என்கிறாள். மிஷின் முடிந்து வரும்போது அப்பாவுக்குத் தலை சுற்றும், நான் வாசலில் நிற்க வேண்டும், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். நண்டுவைப் பற்றி நீயாக அப்பாவிடம் கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. வந்த அன்று மத்தியானம் எங்களோடு சாப்பிட உட்காருவாய், என் தட்டில் இருப்பதைப் பார்ப்பாய். அப்போது உன் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. அவர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா
ரமா ராஜகோபாலன்