அக்கா என்று கூப்பிட்ட பிள்ளை

மாமா,

என்னோடு காலேஜில் படித்த ஜான்சி இதை உங்கள் கையில் கொடுப்பாள். போன் உடைந்துவிட்டது, அதனால்தான் கடிதம். பதறாதீர்கள், பாப்பாவுக்கு ஒன்றுமில்லை.

பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறதே, நீங்களும் எனக்கு அனுப்பினீர்கள். இன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எல்லார் போனிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடலூர் பஸ்ஸில் ஏற்றும்போது பாப்பா திமிறினாள்.

"அக்கா, விடு! நான் அம்மாகிட்ட போவணும்!"

என் தங்கச்சி கூப்பிடுவதைக் கேட்டு என்னை அக்கா என்பாள். நான் கூப்பிடுவதைக் கேட்டு என் அம்மாவை அம்மா என்பாள். நாமும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். கூட்டத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"உம் புள்ளைன்னா எதுக்குடி அக்காங்குது?" என்றாள் ஒருத்தி.

"இதுங்க இப்பல்லாம் சுடிதார் போட்டுக்கினு டீச்சராட்டம்தான் வருதுங்க" என்றான் ஒருவன்.

பாப்பாவை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். பிறகு நடந்ததை ஜான்சியிடமும் கேட்காதீர்கள். "அய்யோ, இவ என் கூடப் படிச்சவ, அது அவ புள்ளைதான்!" என்று அவள் கத்திக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் விட்டார்கள்.

வீக்கம் இரண்டொரு நாளில் வடிந்துவிடும்.

அம்மா வீட்டுக்கே திரும்பி வந்ததிலிருந்து பாப்பா என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. உங்கள் போட்டோவைக் காட்டி "அப்பா சொல்லு" என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். என்னைப் போலவே "மாமா" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போக நீங்கள் தனியாக வராதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா