தறிகள் நின்ற நேரம்

தம்பிக்கு,

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற உனக்குத் தபாலில் எழுதுறேன். சிரிக்காதே.

வக்கீலுக்குப் படித்த என் மகள், நம்ம குழலியை, கம்பெனி வழக்குகள் பார்க்கிற பம்பாய் ஆபீஸ் ஒன்று டிரங்க் காலிலேயே கேள்வி கேட்டு வேலைக்கு எடுக்குமாம். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், கத்தித்தான் பேசுவாள். தினமும் ஊடு நூல் ஓட்டுகிற தறி நாடாவைப் போன் மாதிரி காதில் வைத்துக்கினு மெதுவாகப் பேசிப் பழகினாள்.

நேற்று எதிர்ப் பட்டுக்கடையில் அவள் போனை எடுத்ததும், தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நிறுத்தச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. பட்டப்பகலில் நம்ம தெரு இப்படி அடங்கி நான் பார்த்ததே இல்லை. கடை வாசலில் நின்ற எனக்கு அவள் இங்கிலீஷ் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஒன்றும் புரியவில்லை.

வேலை கிடைக்குமோ, தெரியாது. பேச்சில்லாத இத்தனை வருஷமும் உன் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கினுதான் இருக்கிறேன். நேற்று முதலில் நின்றது அதுதான்.

சுவருக்கு இந்தப் பக்கம்,
அண்ணன்