துணி அறைப் பூட்டு

சித்தூர்
12.8.1974

மேட்ரன் ஜெயசீலி அம்மாவுக்கு, திருப்பதி ஆஸ்பத்திரியில் உங்கள் குழந்தைகள் வார்டில் இருபது வருடம் ஆயாவாக இருந்த பச்சையம்மாள் எழுதுவது.

நீங்கள் செய்தது அநியாயம். குழந்தை செத்ததற்கு அழுதாள் என்று நர்ஸ் வரலட்சுமிக்கு மெமோ கொடுத்திருக்கிறீர்கள். மன்னிப்பு எழுதித் தராவிட்டால் வேலை இல்லையாம்.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அந்தக் குழந்தைக்குப் பதினோரு நாள் இங்க் ஃபில்லரில் பால் விட்டவள் அவள். அது அவள் கையிலேயே அடங்கியது. இப்போது எங்கள் தெருவில் அம்மா வீட்டில் கிடக்கிறாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, "ஆயா, அது இன்னும் என் வெரலப் புடிச்சிக்கினு கீது. எப்படித் துன்னுவேன்?" என்கிறாள்.

அழக்கூடாது என்று சட்டம் போட்டவர் எத்தனை குழந்தையைத் துடைத்துத் துணி சுற்றிக் கொடுத்தார்? மெமோவை வாபஸ் வாங்குங்கள்.

பச்சையம்மாள்


திருப்பதி
17.8.1974

அன்புள்ள பச்சையம்மாவுக்கு,

ஓய்வு பெற்றும் உங்கள் கோபம் ஓயவில்லை. சர்க்கரை எப்படி இருக்கிறது?

நடந்ததை முழுதாகக் கேளுங்கள். அன்று பதினான்கு குழந்தைகளுக்கு இரண்டே நர்ஸ்கள். வரலட்சுமி கதறியதைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கை வள்ளி பயந்துபோனாள். தேறி வந்த தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். ஊருக்குப் போகும் பலமனேர் பஸ்ஸிலேயே அது இறந்துவிட்டது.

அவள் புருஷன் உமாபதி வந்து என் முன்னால் நின்றான். "நர்சம்மாவே அழுதா நாங்க இன்னாம்மா நெனச்சிக்கிறது?" என்றான். நீங்கள் பதில் சொல்லுங்கள், பார்ப்போம்.

மெமோ நிற்கும்.

ஜெயசீலி


சித்தூர்
21.8.1974

மேட்ரன் அம்மாவுக்கு,

சர்க்கரையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வள்ளியின் குழந்தையை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் குற்றவாளி வரலட்சுமி இல்லை. நம் வார்டில் ஒரு குழந்தை போனால் நர்ஸ் எங்கே போவாள்? துணி அறைக்கு. கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் வாசலில் நின்று, யார் கேட்டாலும் "சிஸ்டர் துணி மடிச்சிக்கினு கீறாங்க" என்பேன். பெரிய டாக்டர்கூட அதற்கு மேல் கேட்டதில்லை. வேலைக்கு வந்த முதல் மாதம் நீங்கள் ஆறு தடவை துணி மடித்தீர்கள். ஒரு தடவை முழங்காலில் ஜெபம் பண்ணிக்கொண்டே தூங்கிவிட்டீர்கள். நான்தான் எழுப்பினேன்.

நாலு துண்டு காணவில்லை என்று பங்குனியில் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டது யார்? அன்று அந்தப் பெண் ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பார்த்திருக்கிறாள். திறக்கவில்லை. திரும்பி வந்து வார்டில் நின்று அழுதாள். இதை அவளிடம் கேட்டீர்களா?

இனி ஆகவேண்டியது இது. மெமோவைக் கிழிக்க வேண்டியது நீங்கள். பூட்டைக் கழற்ற வேண்டியது ஸ்டோர் பாலையா. வரலட்சுமியைத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கூட்டி வருவது நான். துணி அறை வாசலுக்கு ஒரு ஆயாவை டூட்டி போட வேண்டியது நீங்கள். ஆள் இல்லை என்று சொன்னால், நான் நிற்கிறேன், சம்பளம் வேண்டாம். பலமனேருக்குப் போய் உமாபதியிடமும் வள்ளியிடமும் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் நீங்கள். வேறு யாரையும் அனுப்பாதீர்கள்.

போய் வந்ததும் முதலில் அந்த அறைக்குள் போக வேண்டியவர் நீங்கள்தான். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். வாசலைத் தாண்டி ஒருவரையும் விடமாட்டேன்.

பச்சையம்மாள்