விழுந்த வருஷத்தைக் கேட்டவள்

மருமகள் சமையலறையில் பூண்டு பொரிக்கிறாள். கொஞ்சம் கருகவிட்டுவிட்டாள். அந்த வாசம் வந்ததும் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்தில் நீ போட்டிருந்த பர்மா நூடுல்ஸ் கடை, அந்த அத்தோ கடை, அப்படித்தான் மணக்கும்.

அறுபதுகளின் நடுவில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவள் நீ. அங்கே உன் அப்பாவின் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்த உன் பெரியப்பா மகன் தன் வீட்டில் இடம் கொடுத்தார். நான் பெங்களூரில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கினால் நேரே உன் கடை பெஞ்சுதான். நீ நூடுல்ஸைக் கையால் பிசைந்துகொண்டிருப்பாய். நான் எந்த நாடு வளரும், எது பின்தங்கும் என்று அளந்துகொண்டிருப்பேன். பர்மாவில் அரிசி இருக்கிறது, எழுந்துவிடும் என்றேன். சிங்கப்பூர் குடிதண்ணீரையே வெளியில் வாங்குகிற ஊர், அது எங்கே உருப்படும் என்றேன்.

நீ சிரித்தாய். "எது ஏறும், எது எறங்கும்னு எனக்கு இன்னாடி தெரியும்? வுழுந்த வருஷம் இன்னா துன்னோம்னு மட்டும் தெரியும்."

உனக்கு இடம் கொடுத்த அந்த அண்ணனுக்கு இப்படி விழுவதைப் பற்றிய பேச்சே ஆகாது. சம்பளம், கரண்ட், ஆஸ்பத்திரி எல்லாம் சுரங்கம் தந்தது. மகனுக்கும் அங்கேயே வேலை என்றிருந்தார். அவர் மகளை நர்ஸ் படிக்க அனுப்பச் சொன்னாய். வெடித்தார்.

"தங்கத்து மேல குந்தினுகீறோம். நமக்கு இன்னா கொறை?"

"ரங்கூன்ல நாங்களும் இப்டித்தான் சொன்னோம்ண்ணா. ஒரே கடைய நம்புனோம். அது போச்சு, எல்லாம் போச்சு."

அண்ணியும் அந்தப் பெண்ணும் உன் பக்கம் நின்றார்கள். நீயே அவளை ரயிலேற்றிவிட்டாய். அண்ணன் உன்னோடு பேச்சை நிறுத்தினார். நீ தனி வீடு பார்த்துக்கொண்டாய்.

எழுபதுகளில் அவர் இறங்கிய சுரங்க ஷாஃப்டில் தங்கம் தீர்ந்தது. அவருக்கு வேலை போனது; மகனுக்கு வேலை வரவே இல்லை. நர்ஸ் மகளின் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. ஒரு சாயங்காலம் அவர் உன் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தட்டு அத்தோவை முடித்தார்.

"காரம் பத்தலம்மா," என்றார்.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு மிளகாய்த்தூளைத் தேடினாய். டப்பா உன் கையிலேயே இருந்தது.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி; அதன்பின் என் ஆராய்ச்சியை மாற்றினேன். நாடுகள் எவ்வளவு வளர்ந்தன என்பதோடு எவ்வளவு ஆட்டம் கண்டன என்றும் பார்த்தேன். "சராசரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார் பேராசிரியர். "சராசரியில் யாரும் குடியிருக்கவில்லை சார்," என்றேன்.

பர்மாவைப் பற்றியும் சிங்கப்பூரைப் பற்றியும் நான் சொன்ன இரண்டுமே பொய்த்தன. அதை நீ பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாய். ஒருநாளும் குத்திக்காட்டவில்லை.

ஓய்வு பெறும்வரை வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பிள்ளைகள் ஒரு நாட்டின் வளர்ச்சிக் கோட்டைக் கரும்பலகையில் வரைவார்கள். அது பள்ளத்தில் இறங்கும் இடத்தில் விரலை வைத்து, அப்போது அங்கே யார் வீட்டில் யார் சம்பாதித்தார்கள் என்று கேட்பேன். பதிலைத் தேடிக்கொண்டு வரும்வரை அடுத்த நாட்டுக்கு விடமாட்டேன்.